வேலைக்கும் சிப்பாங்கிற்கும் ஒரே கார்: மாற்றுக் கிளட்ச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வார நாட்களில் வேலைக்குப் போய்வரும் காரையே மாதத்தில் ஒரு நாள் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்திலும் ஓட்டிப் பார்க்கும் நம்மவர்கள் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், காதில் முதலில் விழும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பந்தயத் தளத்தில் ஓட்டுகிறாய் அல்லவா, ரேசிங் கிளட்ச் போட்டுவிடு." நானும் அந்த அறிவுரையைக் கேட்டு, கிளட்ச்சை மாற்ற ஓராண்டுக்குள் கியர்பாக்ஸை இரண்டாவது முறை இறக்க வேண்டிய நிலைக்கு வந்தவன். கிளட்ச் என்றால் இடது காலுக்குக் கீழே உள்ள பெடல் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதவரும், பட்டறையில் சரியான கேள்விகளைக் கேட்டுச் சரியான பொருளை வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கார் இரண்டு வேலையையும் செய்யுமானால், அதன் கிளட்ச்சைக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நெரிசலைத் தாங்கும் நல்ல கிளட்ச், முறையாக ஓட்டுகிறவருக்குச் சிப்பாங்கிலும் போதுமானதாக இருக்கும்.

முதலில் கிளட்ச் செய்யும் வேலையைப் பார்ப்போம். இன்ஜின் உயிரோடு இருக்கும்வரை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், ஆனால் காரோ சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்க வேண்டும். சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் உடையாமல் இணைக்கவும், வேண்டும்போது பிரிக்கவும் நடுவில் ஒரு கருவி தேவைப்படுகிறது. இன்ஜினின் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு திருகப்பட்டிருக்கும். அதன்மேல் பிரஷர் பிளேட் என்ற அழுத்துத் தகடு பூட்டப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பூச்சு கொண்ட கிளட்ச் பிளேட், சப்பாத்திக்கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிய மாவைப்போல் நெரிபட்டு நிற்கும். கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு இந்தக் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில்தான் செருகியிருக்கிறது. நாம் பெடலை மிதிக்கும்போது, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள விரல்போன்ற வில்களை அழுத்துகிறது. உடனே அழுத்துத் தகடு பின்வாங்க, கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் பிடிபடுகிறது. இதில் பற்சக்கரமோ கொக்கியோ கிடையாது. உராய்வு ஒன்றுதான் ஆயிரத்து முந்நூறு கிலோ எடையுள்ள காரை இழுத்துச் செல்கிறது.

அந்த உராய்வு எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. உராய்வுப் பொருளின் உராய்வு எண், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால், அந்தக் கிளட்ச் வழுக்காமல் கடத்தக்கூடிய முறுக்குவிசை, அதாவது பட்டறையில் டார்க் என்று சொல்வது, கிடைத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். அழுத்தம் 5,000 நியூட்டன், உராய்வு எண் 0.3, சராசரி ஆரம் 84 மில்லிமீட்டர், ஒற்றைப் பிளேட் ஆகையால் முகங்கள் இரண்டு என்று வைத்துக்கொண்டால், விடை 252 நியூட்டன் மீட்டர். என்னுடைய கார் எஃப்டி2 தலைமுறையைச் சேர்ந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர். அதன் இன்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை 215 நியூட்டன் மீட்டர். ஆகவே கணக்குப்படி இப்படிப்பட்ட ஒரு கிளட்ச் அதற்குப் போதும். உச்சத்தைவிடச் சுமார் 17 விழுக்காடு மிச்சம் இருக்கிறது.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. அவர்கள் தங்கள் காரின் குதிரைத்திறனைச் சொல்லிக் கிளட்ச் கேட்கிறார்கள். கிளட்ச்சோ குதிரைத்திறனைப் பார்ப்பதில்லை, முறுக்குவிசையை மட்டுமே பார்க்கிறது. டைப் ஆர் 225 குதிரைத்திறன் தருவதற்குக் காரணம், அது நிமிடத்திற்கு 8,000 சுழற்சிவரை போவதுதான். அதன் முறுக்குவிசை அடக்கமானது. இதற்கு நேர்மாறாக, ஒரு டர்போ காரில் கணினியை மாற்றியமைத்து டியூன் செய்தால், குதிரைத்திறன் கொஞ்சம்தான் கூடியதுபோல் தோன்றும், ஆனால் நடுத்தரச் சுழற்சியில் முறுக்குவிசை மிக அதிகமாக ஏறியிருக்கும். முந்தையவர் வீணாகப் பெரிய கிளட்ச் வாங்குவார், பின்னவர் பழைய கிளட்ச்சை எரிப்பார். டைனோ இயந்திரத்தில் காரை ஏற்றி அளந்த தாளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தாளில் இருப்பது பெரும்பாலும் சக்கரத்தில் அளந்த எண். இன்ஜினிலிருந்து சக்கரம் வரும்வரை 10 முதல் 15 விழுக்காடு இழப்பு இருப்பதால், கிளட்ச் சந்திக்கும் விசை அதைவிடக் கூடுதல். கிளட்ச் தயாரிப்பாளர் குறிப்பிடும் தாங்குதிறனை இன்ஜினின் உச்ச முறுக்குவிசையோடு ஒப்பிட்டு, 20 முதல் 40 விழுக்காடு மிச்சம் இருக்கும்படி வாங்கினால் போதும். இரண்டு மடங்கு தாங்கும் கிளட்ச் வாங்கினால் இரண்டு மடங்கு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்தக் கூடுதல் தாங்குதிறனுக்கு விலையாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

252 தாங்கும் கிளட்ச் 215 தரும் இன்ஜினில் ஏன் வழுக்குகிறது? வெப்பம்தான் காரணம். உராய்வு எண் என்பது கல்லில் பொறித்த எழுத்து அன்று, சூடு ஏற ஏற அது இறங்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் உராய்வு எண் 0.3-இலிருந்து 0.22-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு மீண்டும் பெருக்கிப் பாருங்கள். தாங்குதிறன் 185 நியூட்டன் மீட்டராகச் சுருங்கிவிடும். இப்போது 215-ஐத் தாங்க முடியாமல் பிளேட் வழுக்குகிறது. வழுக்குவதால் மேலும் சூடாகிறது, சூடாவதால் மேலும் வழுக்குகிறது. தேய்மானமே இல்லாத புதிய பிளேட்கூட இந்தச் சுழலில் அகப்பட்டால் ஒரே மாலையில் கருகிவிடும்.

கிளட்ச் சூடாவது வழுக்கும்போது மட்டும்தான். முழுமையாகப் பிடிபட்ட கிளட்ச், நேர்ப்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் தானாக எந்த வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை. ஆகவே களத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று கேட்பதில் பயனில்லை, எத்தனை முறை, எவ்வளவு நேரம் வழுக்கவிடுகிறோம் என்றுதான் கேட்க வேண்டும்.

இதை எண்களால் பார்த்தபோதுதான் என் எண்ணம் முழுவதும் மாறியது. 1,300 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்கு மெதுவாக எடுத்துச் செல்ல ஏறத்தாழ 5 கிலோஜூல் ஆற்றல் தேவை. கிளட்ச்சை வழுக்கவிட்டு எடுக்கும்போது, காருக்குப் போய்ச் சேரும் அளவுக்குக் குறையாத ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது. நெரிசலில் நிமிடத்திற்கு இரண்டு முறை நின்று புறப்பட்டால் அது நிமிடத்திற்கு 10 கிலோஜூல். இனிச் சிப்பாங்கிற்குப் போவோம். 1999-இல் திறக்கப்பட்ட அந்தத் தளம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. நம்மைப்போன்ற பொழுதுபோக்கு ஓட்டுநர் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு, அதில் பத்து முறை மேல் கியருக்கு மாறுகிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்ஜினின் சுழற்சி 1,800 அளவு குறைய வேண்டியிருக்கிறது. இன்ஜினின் சுழலும் பாகங்களில் தேங்கியிருக்கும் அந்த ஆற்றல் கிளட்ச்சில் சுமார் 3 கிலோஜூல் வெப்பமாக இறங்கும். பத்து மாற்றத்திற்கு 30, மூன்று நிமிடத்திற்கு வகுத்தால் நிமிடத்திற்கு அதே 10 கிலோஜூல்.

ஒரு நிமிடக் கணக்கில் பந்தயத் தளமும் நெரிசலும் சமமாக நிற்கின்றன. ஆனால் தளத்தில் ஓட்டம் 20 நிமிடத்தில் முடிந்து, கார் குளிர ஒரு மணி நேரம் கிடைக்கிறது. டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையிலோ கூட்டரசு நெடுஞ்சாலையிலோ மாலை ஆறு மணிக்கு அப்படி யாரும் நமக்கு இடைவேளை தருவதில்லை. அதுவும் வாரத்திற்கு ஐந்து நாள். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சுழல் ஏற்றத்தில், முன்னால் இருப்பவர் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையைத் தேடும்வரை பாதிக் கிளட்ச்சில் காரைப் பிடித்து நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. ஏனெனில் கார் நகரவே இல்லை, இன்ஜின் தரும் ஆற்றல் முழுவதும் பிளேட்டில்தான் எரிகிறது. அங்கே ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் காத்திருப்பது விலையுயர்ந்த எந்தக் கிளட்ச்சையும்விடக் கூடுதல் பாதுகாப்பு தரும்.

களத்தில் கிளட்ச்சை உண்மையில் கொல்லும் செயல்கள் இரண்டுதான். ஒன்று, 5,000 சுழற்சியில் இன்ஜினை உறுமவிட்டு, இழுவைப் பந்தயம்போல் பாய்ந்து புறப்படுவது. அப்படிப் புறப்பட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிபடும்போது கார் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும். ஒரே புறப்பாட்டில் 80 கிலோஜூல், அதாவது நெரிசலின் பதினாறு புறப்பாடுகள், இரண்டு மூன்று வினாடிகளில் இறங்குகின்றன. முன்சக்கர இழுவைக் கார்களில் டயர்கள் சுழன்று அந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிட்சுபிஷி எவோ போன்ற நான்கு சக்கர இழுவைக் கார்களிலோ டயர் விட்டுக்கொடுக்காது, கிளட்ச்தான் விட்டுக்கொடுக்கும். எவோ வைத்திருப்பவர்களுக்குக் கிளட்ச் பற்றிய அறிவுரை வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்றொன்று, நேர்ப்பாதையின் முடிவில் முதல் வளைவுக்காகப் பிரேக் பிடித்துக்கொண்டே கியரை இறக்கும்போது, இன்ஜினின் சுழற்சியை ஆக்சிலரேட்டரால் உயர்த்திச் சமன்செய்யாமல் கிளட்ச்சை விட்டு இழுக்க வைப்பது. பிரேக்கை நுனிக்காலால் மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிவிடும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டால், கியர் இறக்கத்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும்.

இனி உராய்வுப் பொருள்களுக்கு வருவோம். பிசினோடு கண்ணாடி இழையும் செம்பு அல்லது பித்தளைக் கம்பியும் சேர்த்து அழுத்திச் செய்யும் ஆர்கானிக் வகைதான் தொழிற்சாலையிலிருந்து வரும் கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இது மெதுவாக, வழுவழுவென்று பிடிக்கும். ஃபிளைவீலைத் தின்னாது. சூடு சில நூறு டிகிரியைத் தொட்டதும் இதிலுள்ள பிசின் தளர்ந்து பிடிப்பு குறையும் என்பதுதான் இதன் பலவீனம். அளவோடு சூடேறியிருந்தால் ஆறவிட்டதும் பிடிப்பு திரும்பிவிடும், கருகிவிட்டால் திரும்பாது. கெவ்லார் வகை மிகவும் நீடித்து உழைக்கும், ஆனால் பழக்குவதற்கு நெடுநேரம் வேண்டும், ஒருமுறை எரித்துவிட்டால் பளபளப்பேறிப் பின் சரியாகப் பிடிக்காது. நம் நெரிசலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தது, செம்புத் தூளோடு பீங்கான் துகள்களைச் சேர்த்துச் சூளையில் சுட்டு இறுக்கிய செராமெட்டாலிக் வகை. பட்டறைகளில் இதைச் சுருக்கமாகச் செராமிக் என்பார்கள். இதன் உராய்வு எண் 0.45 என்று கொண்டால், அதே 5,000 நியூட்டன் அழுத்தத்தில் தாங்குதிறன் 378 நியூட்டன் மீட்டராக உயர்ந்துவிடும். ஆர்கானிக் கருகும் சூட்டிலும் இது அசையாமல் பிடிக்கும். தாளில் பார்த்தால் இதை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

எனக்கும் வரவில்லை. ஆறு துண்டுகள் பதித்த செராமெட்டாலிக் பிளேட்டைத்தான் ஒரு பட்டறையில் எனக்குப் பொருத்திக் கொடுத்தார்கள். சிப்பாங்கில் அது அருமையாக இருந்தது. கியரை மாற்றிய மறுகணமே சுத்தியல் அடித்ததுபோல் பிடித்தது. அந்த மாதமே தைப்பூசம் வந்தது. அம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு பத்துமலைக்குப் புறப்பட்டேன். ஜாலான் ஈப்போவில் தொடங்கிய நெரிசல் பத்துமலைவரை தீரவில்லை. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் கார் முழுவதும் உதறியது. கண்ணாடியில் தொங்கிய மணிமாலை கண்ணாடியிலேயே மோதி ஒலித்தது. "ஏம்ப்பா, காடி ஏன் இப்படி உதறுது? ஏதாச்சும் ஒடஞ்சி போச்சா?" என்று அம்மா கேட்டபோது, ஒன்றும் உடையவில்லை, இது இப்படித்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. செராமெட்டாலிக் வகை ஒன்று பிடிக்கும், அல்லது பிடிக்காது. நடுவில் வழுக்கும் இடைவெளியை அது மிகக் குறைவாகவே தருகிறது. அந்த உதறலைத் தவிர்ப்பதற்காக நாம் அறியாமலேயே சுழற்சியைக் கூட்டி, நெடுநேரம் பாதிக் கிளட்ச்சில் விடுகிறோம். விளைவாக ஃபிளைவீல் தேய்கிறது. சில மாதம் கழித்து அதைக் கழற்றிப் பார்த்தபோது, ஃபிளைவீலின் முகத்தில் விரல்நகம் சிக்கும் அளவுக்கு வட்ட வட்டமாகக் கீறல்கள் விழுந்திருந்தன. இரும்பு 300 டிகிரி அளவுக்குச் சூடேறியதைக் காட்டும் நீலத் திட்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படர்ந்திருந்தன. பிளேட்டோ பாதிகூடத் தேயவில்லை. பந்தயத்திற்காகச் செய்த ஒரு பொருள், தனக்குப் பழக்கமில்லாத நெரிசலில் தன் துணைப் பாகத்தை அழித்திருந்தது.

ஆகவே முறுக்குவிசையை உயர்த்தாத, அல்லது சிறிதளவே உயர்த்திய காருக்கு என் பரிந்துரை இதுதான்: முழு வட்டமாக ஆர்கானிக் பூச்சு கொண்ட பிளேட், தொழிற்சாலை அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான பிரஷர் பிளேட். நம் எடுத்துக்காட்டில் அழுத்தத்தை 5,000-இலிருந்து 6,000 நியூட்டனாக மட்டும் உயர்த்தினால், தாங்குதிறன் 252-இலிருந்து 302-ஆகக் கூடுகிறது. உராய்வின் மென்மையும் கெடவில்லை. உயர்ந்த சூட்டில் பிடிப்பு 0.22-க்கு இறங்கினாலும் 222 மிஞ்சும். 215 தரும் இன்ஜின் அப்போதும் வழுக்காது. எக்ஸெடி போன்ற பெரிய தயாரிப்பாளர்கள் இப்படி ஆர்கானிக் பிளேட்டும் வலுவான பிரஷர் பிளேட்டும் சேர்ந்த தொகுப்பை ஸ்டேஜ் ஒன்று என்ற பெயரிலும், செராமெட்டாலிக் தொகுப்பை ஸ்டேஜ் இரண்டு என்ற பெயரிலும் விற்கிறார்கள். ஸ்டேஜ் என்ற சொல்லுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. ஒருவரின் ஸ்டேஜ் இரண்டு இன்னொருவரின் ஸ்டேஜ் ஒன்றாக இருக்கலாம் என்பதால், பெயரைப் பார்க்காமல் பூச்சுப் பொருளையும் தாங்குதிறன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

அழுத்தத்தையும் கண்டபடி உயர்த்தக் கூடாது. பிரஷர் பிளேட் எவ்வளவு வலுவோ அவ்வளவு கனமாகப் பெடல் இருக்கும் என்பதை இடது கால் வீடு சேர்வதற்குள் உணர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தீங்கு ஒன்றும் உண்டு. பெடலை மிதிக்கும்போது அந்த விசை முழுவதும் இன்ஜினின் கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. தண்டு நகராமல் தடுக்கும் திரஸ்ட் பேரிங் அந்தச் சுமையைச் சுமக்கிறது. சிவப்பு விளக்கில் முதல் கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடியே இரண்டு நிமிடம் காத்திருப்பவர், வலுவான பிரஷர் பிளேட் போட்டிருந்தால், தன் இன்ஜினின் உட்பாகம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவதே முறை.

பிளேட்டின் நடுப்பகுதியையும் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் நான்கு அல்லது ஆறு சுருள்வில்கள் பதித்திருந்தால் அது ஸ்பிரிங் ஹப். இன்ஜினின் ஒவ்வொரு எரிப்பும் தண்டுக்குக் கொடுக்கும் அடியை அந்த வில்கள் உறிஞ்சிக்கொண்டு, கியர்பாக்ஸின் பற்களைக் காக்கின்றன. வில்களே இல்லாத ரிஜிட் ஹப் முழுப் பந்தயக் காருக்கு உரியது, வேலைக்குப் போகும் காருக்கு வேண்டவே வேண்டாம். இரு பூச்சுகளுக்கும் இடையே அலையலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்றும் இருக்கும். பிளேட்டை ஓரத்திலிருந்து உற்றுப் பார்த்தால் அந்த அலை தெரியும். மென்மையான பிடிப்பைத் தருவது அதுதான். மலிவான பந்தய பிளேட்களில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

இரட்டைப் பிளேட் கிளட்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகங்கள் இரண்டுக்குப் பதில் நான்காவதால் தாங்குதிறனும் இரண்டு மடங்காகிறது. அழுத்தத்தை உயர்த்தாமலே அது கிடைக்கிறது. விலை மிக அதிகம், சத்தமும் அதிகம். முறுக்குவிசையை 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொண்டுபோன எவோ போன்ற கார்களுக்கு அது நியாயமான தேர்வு. சாதாரண டைப் ஆர், சத்ரியா ஜிடிஐ, 250 நியூட்டன் மீட்டர் தரும் தொயோத்தா ஜிஆர்86 ஆகியவற்றுக்குத் தேவையில்லை.

ஃபிளைவீலை இலேசாக்க வேண்டுமா என்பது அடுத்து வரும் கேள்வி. இலேசான ஃபிளைவீல் இருந்தால் இன்ஜின் சுழற்சி சட்டென்று ஏறி இறங்கும். கியர் மாற்றும்போது கிளட்ச்சில் இறங்கும் வெப்பமும் குறையும். ஆனால் ஃபிளைவீலின் எடைதான் கிளட்ச்சின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குளமும்கூட. குளத்தைச் சிறிதாக்கினால் கொஞ்சம் மழைக்கே நிரம்பிவிடும். அதோடு, நெரிசலில் மெதுவாக ஊர்ந்து புறப்படும்போது இன்ஜின் எளிதில் அணைந்துவிடும் என்பதால் சுழற்சியைக் கூட்டிப் புறப்பட வேண்டியிருக்கும். தினசரி காருக்கு மிதமான எடைக்குறைப்பு போதும், அதுவும் வார்ப்பிரும்பைக் கடைந்து மெலிதாக்கியதாக இல்லாமல் எஃகால் செய்ததாக இருக்க வேண்டும். நிமிடத்திற்கு 8,000 சுழற்சியில் வார்ப்பிரும்பு வெடித்துச் சிதறினால், அது தடுப்பதற்கு வழியில்லாமல் ஓட்டுநரின் கால்மாட்டுக்கே வரக்கூடும். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்த இரட்டை நிறை ஃபிளைவீல் அவற்றில் பலவற்றில் இருக்கிறது. அதிர்வை உறிஞ்சும் வில்கள் ஃபிளைவீலுக்குள்ளேயே இருப்பதால், அதற்கேற்ற பிளேட்டின் நடுவில் வில்கள் இருக்காது. ஒற்றை நிறை ஃபிளைவீலுக்கு மாறினால் பிளேட்டையும் வில்கள் உள்ளதாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நியூட்ரலில் நிற்கும்போதே கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும்.

வாங்குவதற்கு முன், இருக்கும் கிளட்ச் உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதியுங்கள். கோம்பாக் டோலைத் தாண்டிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது, சாலை காலியாக இருக்கும் நேரத்தில், உயர்ந்த கியரில் 2,500 சுழற்சியிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகமானியின் முள் மெதுவாக நகர, சுழற்சியின் முள் மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. முடி கருகியதுபோன்ற ஒரு நாற்றமும் கூடவே வரும். கியர் விழ மறுத்தாலோ, ரிவர்ஸ் போடும்போது பற்கள் அரைபட்டாலோ அது வேறு நோய். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். அதற்குப் பெரும்பாலும் பெடலின் விசையைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்ததோ, சிலிண்டரின் ரப்பர் போனதோ காரணமாக இருக்கும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் எண்ணெய்த் தொட்டி ஒன்றுதான் என்பதால், களத்திற்குப் போகிறவர்கள் பிரேக் எண்ணெய் மாற்றும்போது கிளட்ச் குழாயிலுள்ள பழைய எண்ணெயையும் சேர்த்து வெளியேற்றிவிடச் சொல்ல வேண்டும்.

கிளட்ச் வாங்கும் செலவைவிடக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி மனத்தை உறுத்தும் என்பதால், ஒருமுறை இறக்கியதும் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட வேண்டும். ரிலீஸ் பேரிங்கும், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருந்தால் அதுவும் புதிதாகப் போட வேண்டும். கிராங்க் தண்டின் பின்புற எண்ணெய் சீலையும் கியர்பாக்ஸ் தண்டின் சீலையும் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று கசிந்து இரண்டு துளி எண்ணெய் பிளேட்டில் பட்டால், புத்தம் புதிய கிளட்ச்சும் உதறத் தொடங்கும். ஃபிளைவீலைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமன்செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பழைய பிளேட்டின் தேய்மானத்திற்கேற்பக் குழிந்த முகத்தின்மேல் புதிய பிளேட் ஓரங்களில் மட்டுமே பிடிக்கும். புதிய பாகங்களின் இரும்பு முகத்தில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். பொருத்துகிறவர் கையில் கிரீஸ் இருந்தால், பூச்சைத் தொடாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கியர்பாக்ஸோடு ஒட்டி வந்த பழைய கிளட்ச் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது எவ்வளவு சூடு கண்டது என்பது யாருக்கும் தெரியாது. போலிப் பெட்டிகளும் சந்தையில் இருப்பதால், எக்ஸெடி, ஐசின், வேலியோ, சாக்ஸ் எதுவாக இருந்தாலும் ரசீது தரும் விற்பனையாளரிடம், உங்கள் இன்ஜினின் குறியீட்டைச் சொல்லி, பிளேட்டின் விட்டத்தையும் நடுத்துளையிலுள்ள பற்களின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பொருத்தியதும் சிப்பாங்கிற்கு முன்பதிவு செய்துவிடக் கூடாது. ஆர்கானிக் பூச்சு ஃபிளைவீலின் முகத்தோடு படிந்து ஒன்றிணைய 500 முதல் 800 கிலோமீட்டர் சாதாரண நகர ஓட்டம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஈப்போவுக்குப் போய்வந்தால் அது கணக்கில் சேராது, ஏனெனில் படிவது கிளட்ச் பிடித்து விடும்போதுதான். நம் நகரத்தின் நெரிசல் உதவியாக இருக்கும் ஒரே இடம் இது. அந்த நாட்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காமல், மலையேற்றங்களைத் தவிர்த்து ஓட்டுங்கள். பெடல் பிடிக்கும் உயரம் முதல் இரண்டு வாரங்களில் சிறிது மாறும். மாறி நின்றபின் பட்டறைக்குப் போய்ப் பெடலின் இடைவெளியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி இல்லாமல் இருந்தால், கால் வைக்காதபோதும் ரிலீஸ் பேரிங் வில்களை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல கிளட்ச்சும் வழுக்கும். முதல் களநாளில் மூன்று சுற்று ஓட்டி ஒரு சுற்று மெதுவாக வந்து குளிரவிடுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைப் பட்டறையிலேயே விட்டுவராமல் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவாருங்கள். அடுத்த முறை கியர்பாக்ஸ் இறங்கும்போது இரண்டையும் அருகருகே வைத்து, ஆணித் தலைகளுக்கு மேல் எவ்வளவு பூச்சு மிஞ்சியிருக்கிறது, எங்கே நீலம் பாய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.